சோதனை எதை நம்பி ஓடுகிறது?

மென்பொருள் சோதனை பற்றிய பாடநூல்களில் பெரும்பாலும் ஓர் அட்டவணை இருக்கும். யூனிட் டெஸ்ட், இன்டக்ரேஷன் டெஸ்ட், சிஸ்டம் டெஸ்ட், அக்செப்டன்ஸ் டெஸ்ட் என்று இடது ஓரத்தில் பெயர்கள். யார் செய்வார், எப்போது செய்வார், எவ்வளவு செலவாகும் என்று எதிரே குறிப்புகள். நேர்காணலுக்குப் படித்துவிட்டுப் போக அந்த அட்டவணை போதும். திங்கட்கிழமை ரிலீஸ், கையில் இரண்டு டெஸ்டர்கள், நான்கே நாட்கள் என்ற நெருக்கடியில் எதைச் செய்வது, எதை விடுவது என்று முடிவெடுக்க அது உதவாது. பெயரும் வரிசையும் தெரிந்திருப்பது ஒன்று, ஒவ்வொரு வகையும் எந்தப் பிழையை நிச்சயமாகத் தவறவிடும் என்று தெரிந்திருப்பது வேறொன்று. ஆகவே இந்த அத்தியாயம் சோதனை வகைகளை ஒரே கேள்வியை வைத்து ஒப்பிடுகிறது: இந்தச் சோதனை எதைப் பரிசோதிக்காமலே சரி என்று எடுத்துக்கொள்கிறது? யூனிட் டெஸ்ட், தன்னைச் சுற்றியுள்ள பகுதிகள் ஒழுங்காக நடக்கும் என்று நம்புகிறது. சிஸ்டம் டெஸ்ட், தான் உள்ளே விடும் தரவு வெளியுலகத் தரவைப் போன்றது என்று நம்புகிறது. அக்செப்டன்ஸ் டெஸ்ட், திரைக்கு முன்னால் அமர்ந்திருப்பவர் நாளைய பயனாளரைப் போலவே நடப்பார் என்று நம்புகிறது. நம்பிக்கை பொய்க்கும் இடத்தில் ஒளிந்திருக்கும் பிழையை, அதே சோதனையை ஆயிரம் முறை ஓட்டினாலும் பிடிக்க முடியாது. இரண்டு வகைகளை ஒப்பிட வேண்டுமென்றால் முதலில் அவற்றின் நம்பிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதற்கு மிகத் தெளிவான சான்று ஒரு ராக்கெட். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து முதன்முறையாகக் கிளம்பிய ஏரியன் 5, பறப்புத் தொடர் தொடங்கிச் சுமார் 40 நொடிகளில், ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் திசைமாறி, உடைந்து, வெடித்தது. அதிலிருந்த நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் அதனோடு போயின. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அடுத்த மாதமே அறிக்கை தந்தது. ராக்கெட்டின் நிலையையும் அசைவையும் கணித்துச் சொல்லும் கருவியின் மென்பொருள், முந்தைய ஏரியன் 4-இலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. கிடைவேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை 64 பிட் தசம வடிவிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரி அதில் இருந்தது. அந்த 16 பிட்டில் 32,767-க்கு மேல் அடங்காது. ஏரியன் 4 சென்ற பாதையில் அந்த எண் அவ்வளவு வளர வழியில்லை. ஏரியன் 5 புறப்பட்ட வேகத்திலேயே அதிகக் கிடைவேகம் பெறும் ராக்கெட். எண் வழிந்தது, கருவி நின்றது. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள்தான். அது 72 மில்லிநொடி முன்பே நின்றுபோயிருந்தது.

எண் வழிந்த கதையை நிரல் எழுதுவோர் பலரும் கேட்டிருப்பார்கள். டெஸ்டர் படிக்க வேண்டிய பகுதி அதற்கு அடுத்தது. ஏரியன் 5-க்கு முழு அமைப்புச் சோதனை நடக்காமல் இல்லை. தரையில் பறப்பைப் பாவனை செய்து பல முறை ஓட்டிப் பார்த்தார்கள். ஆனால் அந்தப் பாவனைகளில் உண்மையான கருவி பொருத்தப்படவில்லை. கருவி என்ன விடை தருமோ அதைத் தரும் ஒரு மாற்று மென்பொருள் அதன் இடத்தில் இருந்தது. கருவி அதன் அளவில் ஏற்கெனவே தேறிவிட்டது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கருவியைத் தனியாகச் சோதித்தவர்களிடமோ ஏரியன் 5-இன் பறப்புப் பாதை இல்லை. அது அந்தக் கருவிக்கான தேவை ஆவணத்தில் சேர்க்கப்படவே இல்லை. மேலே இருந்த சோதனை கீழே இருந்ததை நம்பியது, கீழே இருந்த சோதனை ஆவணத்தை நம்பியது. இரண்டும் பச்சை விளக்குக் காட்டின. புதிய ராக்கெட்டின் பாதைக்குரிய அசைவுகளைத் தரையிலேயே உண்மைக் கருவிக்கு ஊட்டிப் பார்த்திருந்தால் கோளாறு வெளிப்பட்டிருக்கும் என்று குழு எழுதியது. தேவைப்பட்டது புதுவகைச் சோதனை எதுவும் இல்லை. இருந்த இரண்டு வகைகளும் எதை நம்பின என்று யாரேனும் ஒரே தாளில் எழுதிப் பார்த்திருந்தால் இடைவெளி கண்ணில் பட்டிருக்கும்.

பகுதிகள் சேரும் இடத்தில் பிழை இருக்கும்போதும் இதே கதைதான். 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்துபோனது. தரையில் ஓடிய ஒரு மென்பொருள், உந்துவிசைக் கணக்கை பவுண்டு-நொடியில் எழுதியது. அதை வாங்கிய மென்பொருள், நியூட்டன்-நொடி என்று படித்தது. இரண்டுக்கும் 4.45 மடங்கு வேறுபாடு. சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் கடக்க வேண்டிய கலம் 57 கிலோமீட்டர் வரை இறங்கிவிட்டது. தனித்தனியே பார்த்தால் இரண்டு மென்பொருளும் கூட்டிக் கழித்து வகுத்தது சரிதான். இடைமுக ஆவணம் மெட்ரிக் அலகைத்தான் கேட்டது. அந்தக் கோப்பை ஒருவர் எழுத, மற்றவர் படிக்க, வரும் விடையைக் கையால் போட்ட கணக்கோடு ஒப்பிடும் ஒரே ஓர் இன்டக்ரேஷன் டெஸ்ட் இதைக் காட்டியிருக்கும்.

இதுவரை படித்தவர், அப்படியானால் எல்லாவற்றையும் சேர்த்து முழுதாக ஓட்டிப் பார்ப்பதுதான் சிறந்த சோதனை, சிறிய சோதனைகள் எல்லாம் வீண் என்ற முடிவுக்கு வரலாம். தமிழ்நாட்டில் சேவை நிறுவனங்களில் பயிலும் பல டெஸ்டர்கள் திரையைத் திறந்து முதலிலிருந்து கடைசி வரை ஓட்டுவதையே சோதனை என்று கற்கிறார்கள் என்பதால் இந்த முடிவு அவர்களுக்கு இயல்பாகவே வரும். அதற்கு நேர்மாறான சான்றும் இருக்கிறது, அது இன்னும் கொடியது. தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுமீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் அதனால் இறந்தனர். நான்சி லெவசனும் கிளார்க் டர்னரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு, அந்த மென்பொருளின் தனிப் பகுதிகள் மிகக் குறைவாகவே சோதிக்கப்பட்டன என்றும், முழு அமைப்பை ஓட்டிப் பார்ப்பதிலேயே பெரும்பாலான முயற்சி போனது என்றும் காட்டியது. 2,700 மணி நேரம் சோதித்தோம் என்று தயாரிப்பாளர் தரப்பு சொன்னது. பயனாளர்கள் துருவிக் கேட்டபோது அது 2,700 மணி நேரப் பயன்பாடு என்று விளக்கம் வந்தது. அந்தப் பிழைகளில் ஒன்றைப் பாருங்கள். ஒரு நிலையைக் குறிக்கும் எண் ஒரே பைட்டில் வைக்கப்பட்டிருந்தது; நிரல் ஒவ்வொரு சுற்றிலும் அதில் ஒன்றைக் கூட்டியது. ஒரு பைட்டில் 255-க்கு மேல் அடங்காது என்பதால் ஒவ்வொரு 256-ஆவது சுற்றிலும் அது பூச்சியமானது. பூச்சியம் என்றால் சரிபார்க்கத் தேவையில்லை என்று பொருள். மிகச் சரியாக அந்தக் கணத்தில் பணியாளர் பொத்தானை அழுத்தினால் பாதுகாப்புச் சோதனை தாண்டப்பட்டுவிடும்.

இப்படிப்பட்ட பிழையை முழு அமைப்பை ஓட்டிப் பிடிப்பது குருட்டாம்போக்கில்தான் நடக்கும். அதே வரியை மட்டும் தனியே எடுத்து 255-ஆவது, 256-ஆவது சுற்றுகளை ஓட்டிப் பார்க்கும் யூனிட் டெஸ்ட் ஒரு நொடியில் காட்டிவிடும். முழுச் சோதனை நம்பியது, நீண்ட நேரம் ஓடினால் எல்லா நிலைகளும் ஒரு முறையேனும் வந்துபோகும் என்பதை. அந்த நம்பிக்கை எண்ணிக்கையில் தோற்கிறது: ஒரு நிரலில் இருக்கக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை, மனிதர் ஓட்டிப் பார்க்கக்கூடிய மணிகளை வெகுவாக மிஞ்சியது. அதே இயந்திரத்தின் இன்னொரு பிழை வேறு திசையில் கைகாட்டுகிறது. டெக்ஸாஸில் டைலர் நகர மருத்துவமனையில் பணியாளர் சிகிச்சை வகையைத் தவறாக உள்ளிட்டு, உடனே கர்சரை மேலே கொண்டுபோய்த் திருத்தினார். காந்தங்கள் நிலைகொள்ள எடுக்கும் எட்டு நொடிக்குள் அந்தத் திருத்தம் முடிந்ததால் நிரல் அதைக் கவனிக்கவில்லை. தயாரிப்பாளரால் முதலில் அந்தக் கோளாறை மறுபடி வரவழைக்க முடியவில்லை. மருத்துவமனையின் இயற்பியலாளரும் அந்தப் பணியாளரும் விடாமல் முயன்று, வேகமாகத் தட்டினால்தான் வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். சோதித்தவர்கள் நிதானமாகத் தட்டினார்கள். தினமும் அதே வேலையைச் செய்பவரின் விரல்கள் வேகம் பிடித்திருந்தன. அக்செப்டன்ஸ் டெஸ்டுக்குப் புதியவரை மட்டும் உட்கார வைக்கக் கூடாது, பழகித் தேர்ந்தவரையும் உட்கார வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆக, சிறிய சோதனையும் பெரிய சோதனையும் ஒன்றின் இடத்தை மற்றது நிரப்பாது. இது விபத்துகளை மட்டும் வைத்துச் சொல்லும் கருத்து இல்லை. விக்டர் பசிலியும் ரிச்சர்ட் செல்பியும் 1987-இல் வெளியிட்ட ஒப்பாய்வில் மூன்று முறைகளை எதிரெதிரே நிறுத்தினார்கள்: நிரலைக் கண்ணால் படித்துப் பார்ப்பது, உள்ளே பார்க்காமல் தேவையை மட்டும் வைத்துச் சோதிப்பது, நிரலின் கட்டமைப்பைப் பின்பற்றிச் சோதிப்பது. தொழில்முறை நிரலர்கள் படித்துப் பார்த்தபோதுதான் அதிகப் பிழைகள் அகப்பட்டன. அதைவிட முக்கியமானது பிழைகளின் இனம்: பகுதிகள் பேசிக்கொள்ளும் இடத்துப் பிழைகளைப் படிப்பவர்கள் அதிகம் பிடித்தார்கள், ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் இடத்துப் பிழைகளைத் தேவை சார்ந்த சோதனை அதிகம் பிடித்தது. ஒரே நிரல், வேறு வேறு முறை, வேறு வேறு அறுவடை. இத்தனை பழைய ஆய்வு இன்றும் செல்லுமா என்று கேட்கலாம். மொழிகளும் கருவிகளும் மாறிவிட்டன, உண்மை. ஆனால் ஆய்வு அளந்தது கருவியை இல்லை, ஒவ்வொரு முறையும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை. பார்வையின் திசை இன்னும் மாறவில்லை.

புதிய சான்று வேண்டுமென்றால் டொராண்டோ பல்கலைக்கழகக் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. கசாண்ட்ரா, ஹெச்பேஸ், ஹெச்டிஎஃப்எஸ், மேப்ரெடியூஸ், ரெடிஸ் ஆகிய ஐந்து பெரிய அமைப்புகளில் பயனாளர்கள் புகார் செய்த 198 பழுதுகளை அவர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். பல கணினிகளில் பரவி ஓடும் இத்தகைய அமைப்புகளின் பழுதுகளைச் சோதனைக் கூடத்தில் கொண்டுவரவே முடியாது என்பது பொதுவான எண்ணம். ஆய்வு சொன்னதோ வேறு. 98 விழுக்காடு பழுதுகளை மூன்று கணினிகளுக்கு மிகாமல் வைத்தே வரவழைக்கலாம். 77 விழுக்காட்டை யூனிட் டெஸ்டிலேயே மறுபடி காட்டலாம். அமைப்பையே சாய்த்த பெரும் பழுதுகளில் 92 விழுக்காடு, நிரல் தானே உணர்ந்து அறிவித்த ஒரு சின்னப் பிழையைச் சரியாகக் கையாளாததால் வந்தவை. சில இடங்களில் பிழையைக் கையாள வேண்டிய பகுதி வெறுமையாகவே கிடந்தது. சில இடங்களில், பிறகு எழுதவேண்டும் என்ற குறிப்பு மட்டும் இருந்தது.  அங்கே வைத்திருந்த நம்பிக்கை, எல்லாம் நல்லபடி நடக்கும் என்பது. வட்டு நிரம்பும், இணைப்பு அறும், கோப்பு பாதியில் நிற்கும் என்ற கெட்ட செய்திகளை நிரலுக்கு வலிந்து ஊட்டும் எதிர்மறைச் சோதனைக்குத் தனி இடம் ஒதுக்குங்கள் என்று இந்த நூலில் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அடிப்படை இதுதான்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் எழும். யூனிட் டெஸ்டில் சுற்றியுள்ள பகுதிகளுக்குப் பதிலாக மாக் என்னும் போலிகளை வைக்கிறோம். போலி பொய் சொன்னால் சோதனையும் பொய்தானே, அதைவிட நேரம் பிடித்தாலும் முழுப் பாதையை ஓட்டுவதே நேர்மை என்பார்கள். போலி பொய் சொல்லும் என்பது உண்மை. ஏரியனில் நடந்ததே அதுதான். ஆனால் முழுப் பாதைச் சோதனைக்கும் ஒரு விலை உண்டு, அது நேரம் மட்டும் இல்லை. எத்தனை அதிகப் பகுதிகள் சேர்கின்றனவோ அத்தனை அதிகமாகச் சோதனை தன் காரணமாகவே தடுமாறும்: ஒரு முறை தேறும், நிரலில் எதுவும் மாறாமலே மறுமுறை தோற்கும். கூகுள் 2016-இல் வெளியிட்ட கணக்குப்படி அங்கு நடந்த சோதனை ஓட்டங்களில் 1.5 விழுக்காடு இப்படித் தடுமாறின. தேறிய சோதனை தோல்விக்கு மாறிய நிகழ்வுகளில் 84 விழுக்காட்டில் அத்தகைய தடுமாறும் சோதனை ஒன்று சம்பந்தப்பட்டிருந்தது. சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் மறுபடி ஓட்டிப் பார் என்று பழகிய குழு, உண்மையான பிழை சிவப்பாக எரியும்போதும் அதையே செய்யும். அதனால் நான் பரிந்துரைப்பது: கணக்குகளையும் விதிகளையும் சிறிய சோதனைகளில் அடர்த்தியாகப் பாருங்கள்; ஒவ்வொரு போலிக்கும் இணையாக, உண்மைப் பகுதியும் அந்தப் போலியும் ஒரே கேள்விக்கு ஒரே விடை தருகின்றனவா என்று ஒப்பிடும் ஓர் இன்டக்ரேஷன் டெஸ்டை வையுங்கள்; முழுப் பாதைச் சோதனையைப் பணம், உயிர், சட்டம் சம்பந்தப்பட்ட சில பாதைகளுக்கு மட்டும் ஒதுக்குங்கள். போலியைச் சோதிக்காத யூனிட் டெஸ்ட் பாதி வேலைதான்.

தரவு பற்றிய நம்பிக்கை எல்லா வகைகளிலும் ஊடுருவி நிற்பது, அதனால் எளிதில் கண்ணுக்குத் தப்புவது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் செயலிழக்க வைத்தது. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுக்கும் நிலை வந்தது. நிறுவனமே வெளியிட்ட ஆய்வில் காரணம் தெளிவாக இருக்கிறது. ஒரு வகைப் புதுப்பிப்புக்கு 21 புலங்கள் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. கணினியில் ஓடிய நிரல் 20 மதிப்புகளையே கொடுத்தது. சோதனைகள் நடந்தன, பளு ஏற்றியும் பார்த்தார்கள். ஆனால் அவற்றில் 21-ஆவது புலத்தில் எதுவானாலும் சரி என்று பொருள்படும் குறியே இருந்ததால் நிரல் அந்த மதிப்பைத் தொட்டுப் பார்க்கவே இல்லை. அதே குறியோடு வந்த முந்தைய புதுப்பிப்புகளும் தொல்லையின்றி ஓடின. ஜூலை 19-இல் முதன்முறையாக அந்தப் புலத்தில் உண்மையான மதிப்பு ஒன்று வந்தது. நிரல் இல்லாத இடத்தைப் படிக்கப் போய் விழுந்தது. யூனிட் டெஸ்டா, சிஸ்டம் டெஸ்டா என்ற வகைப்பெயர் இங்கே எதையும் விளக்காது. எல்லா வகையும் ஒரே தரவை நம்பின.

நம் ஊர் டெஸ்டர்கள் இந்த விஷயத்தில் மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் நிற்க முடியும், நிற்கவும் வேண்டும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தே இனிஷியல். கடைசிப் பெயர் கட்டாயம், அது இரண்டு எழுத்துக்குக் குறையக் கூடாது என்று விதிக்கும் படிவம், எழுதியவரின் சோதனைத் தரவில் எப்போதும் தேறும். நம் ஊர்ப் பயனாளரிடம் முதல் பக்கத்திலேயே சிக்கும். குறுஞ்செய்தியும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள். தமிழில் எழுதினால் யூனிகோடுக்கு மாறி 70 ஆகிவிடும். அதிலும் கி என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு குறியீடு. ஸ்ரீ நான்கு குறியீடு. ஆங்கிலத்தில் 150 எழுத்துச் செய்தியைச் சோதித்துத் தேற்றிவிட்டு, அதையே தமிழில் அனுப்பினால் செய்தி மூன்று துண்டாகும், கட்டணமும் மூன்று மடங்காகும். எல்லை மதிப்புச் சோதனை என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான்: 69, 70, 71 என்ற மூன்றையும், எழுத்தாகவும் குறியீடாகவும் எண்ணிப் பாருங்கள்.

காலமும் ஒரு நம்பிக்கை. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்க வீரர்கள் மாண்டனர். நொடியில் பத்தில் ஒரு பங்கை 24 பிட்டில் துல்லியமாக எழுத முடியாததால் நேரக் கணக்கில் மிகச் சிறு பிசகு சேர்ந்துகொண்டே வந்தது; 100 மணி நேரம் அணைக்காமல் ஓடியபின் அது நொடியில் மூன்றில் ஒரு பங்காக வளர்ந்திருந்தது. எட்டு மணி நேரம் ஓடினாலே குறி நகர்கிறது என்று இஸ்ரேலியர் இரண்டு வாரம் முன்பே தெரிவித்திருந்தார்கள். இத்தனை நேரம் யாரும் தொடர்ந்து ஓட்டமாட்டார்கள் என்று பொறுப்பில் இருந்தவர்கள் எண்ணினார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது. செயல்பாட்டுச் சோதனையும் பளுச் சோதனையும் இந்தப் பிழையைக் காட்டா. நாள்கணக்கில் ஓடவிடும் சோக் டெஸ்ட்தான் காட்டும். அதற்கும் எல்லை உண்டு. போயிங் 787-இன் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவி 248 நாட்கள் தொடர்ந்து இயங்கினால் நின்றுவிடும் என்று 2015-இல் அமெரிக்க விமானத்துறை உத்தரவு வந்தது. 248 நாட்கள் எந்தக் குழுவும் காத்திருக்காது. நொடியின் நூறிலொரு பங்குகளை எண்ணினால் குறியுடைய (signed) 32 பிட் எண் எப்போது நிரம்பும் என்று நிரலைப் படித்துக் கணக்குப் போடுபவருக்கோ ஐந்து நிமிடம் போதும். நிரலை வாசிப்பதைச் சோதனை வகைகளோடு சேர்த்தே எண்ண வேண்டும் என்பது இதனால்தான்.

நிர்வாகத்திலிருந்து வரும் கேள்வி வேறு மாதிரி இருக்கும்: கவரேஜ் 90 விழுக்காடு என்று அறிக்கை காட்டுகிறதே, இனி எதற்கு இத்தனை வகை? கவரேஜ் என்பது நிரலின் எந்த வரிகள் ஓடின என்று சொல்லும். ஓடியபின் வந்த விடை சரியா என்று யாராவது பார்த்தார்களா என்று சொல்லாது. எழுத மறந்துபோன வரியைப் பற்றியும் அதற்கு ஒன்றும் தெரியாது. லாரா இனோசெம்ட்சேவாவும் ரீட் ஹோம்ஸும் 2014-இல் ஐந்து ஜாவா அமைப்புகளில் 31,000 சோதனைத் தொகுப்புகளை உருவாக்கி அளந்தார்கள். தொகுப்பின் அளவு கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டபின், கவரேஜுக்கும் பிழை பிடிக்கும் திறனுக்கும் இடையே வலுவான தொடர்பு இல்லை. குறைந்த கவரேஜ், தொடாத இடம் எது என்று காட்டும். அந்த அளவில் அது நல்ல கருவி. அதை இலக்காக வைத்து மனிதர்களை மதிப்பிடுவது குழுவைக் கெடுக்கும் என்றே நான் கருதுகிறேன், ஏனென்றால் விடையைப் பார்க்காத சோதனைகளை எழுதி எண்ணை உயர்த்துவது மிகச் சுலபம்.

எல்லாவற்றையும் ஆட்டோமேட் செய்துவிட்டால் மேனுவல் டெஸ்டர் தேவைப்படமாட்டார் என்ற பேச்சுக்கும் விடை இதே வழியில் கிடைக்கும். தானியங்கிச் சோதனை, எது சரியான விடை என்று முன்கூட்டியே தெரியும் என்று நம்புகிறது. நேற்று சரியாக இருந்தது இன்றும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ரிக்ரஷன் வேலைக்கு அது இணையற்றது. அந்த வேலையை மனிதரிடம் கொடுப்பது மனித நேரத்தை வீணாக்குவது. ஆனால் எதிர்பார்க்காத ஒன்றைக் கண்டு நின்று, இது ஏன் இப்படி என்று கேட்பது அதன் வேலை இல்லை. எழுதி வைத்த டெஸ்ட் கேஸ்களைப் பின்பற்றும் மேனுவல் சோதனைக்கும் இதே குறை உண்டு. பின்லாந்தில் யூஹா இட்கொனன் குழு 2007-இல் 79 மாணவர்களை வைத்துச் செய்த பரிசோதனையில், முன்கூட்டி எழுதிய டெஸ்ட் கேஸ்களோடு சோதித்தவர்களும் எழுதாமல் தேடிச் சோதித்தவர்களும் பிடித்த பிழைகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. டெஸ்ட் கேஸ் எழுதச் செலவான நேரமோ கூடுதல். மாணவர்களை வைத்து, குறுகிய நேரத்தில் நடந்த ஆய்வு என்பதால் இதை எங்கும் பொருத்திவிட முடியாது. சட்டப்படி பதிவு கேட்கும் மருத்துவம், வங்கி போன்ற துறைகளில் எழுதிய டெஸ்ட் கேஸ் கட்டாயம். மற்ற இடங்களில், பக்கம் பக்கமாக எக்செல் நிரப்பும் நேரத்தில் ஒரு பங்கையாவது தேடும் சோதனைக்குக் கொடுங்கள்.

கடைசியாக, சோதனைக் கூடத்தில் தேறியதும் வெளியே போனதும் ஒன்றுதான் என்ற நம்பிக்கை. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் ஏற்றியிருந்தது. எட்டாவதில் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு 45 நிமிடத்தில் 46 கோடி டாலர் இழப்பை உண்டாக்கியது. ஏற்றிய நிரலை எவ்வளவு சோதித்திருந்தாலும் இது அகப்பட்டிருக்காது, ஏனென்றால் பழுது ஏற்றாத சர்வரில் இருந்தது. ஏற்றியபின் ஒவ்வொரு சர்வரிலும் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று கேட்கும் சின்ன ஸ்மோக் டெஸ்ட், முதலில் ஒரு சிறு பங்கு கணினிகளுக்கு மட்டும் கொடுத்துக் கவனிக்கும் படிப்படியான வெளியீடு ஆகிய இரண்டும் டெஸ்டரின் பொறுப்புக்குள் வரவேண்டும்.

இத்தனைக்கும் ஆள் எங்கே, நேரம் எங்கே என்று சிறிய குழுக்கள் கேட்கும். எல்லா வகையையும் செய்யச் சொல்லவில்லை. செய்யாததைத் தெரிந்து செய்யாமல் விடச் சொல்கிறேன். வழி இது. உங்கள் டெஸ்ட் பிளானைத் திறந்து ஒரே ஒரு நெடுவரிசையைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே, இது எதை நம்புகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். "பேமென்ட் கேட்வே எப்போதும் பதில் தரும்", "பெயரில் ஆங்கில எழுத்துகள் மட்டும்", "சர்வர் தினமும் மறுதொடக்கம் ஆகும்" என்பது போன்ற வரிகள். எழுதி முடித்தபின் மேலிருந்து கீழே படியுங்கள். ஒரே நம்பிக்கை எல்லா வரிகளிலும் வருகிறதா? அதை வேறு எந்தச் சோதனையும் சந்தேகிக்கவில்லையா? அடுத்து எழுத வேண்டிய சோதனை அதுதான், அது எந்த வகையாக இருந்தாலும். பல நம்பிக்கைகள் அப்படி நின்றால், பொய்த்தால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்டு வரிசைப்படுத்துங்கள். பணமும் உயிரும் சம்பந்தப்பட்டவை முதலில். நேரமின்றி விட்டவற்றை அப்படியே எழுதி, ரிலீசுக்கு ஒப்புதல் தருபவரிடம் கையெழுத்துக்கு முன்பே காட்டுங்கள். உங்கள் அடுத்த ரிலீசுக்கே இதைத் தொடங்குங்கள்.